செங்காட்டுப்பாளையம் புரட்சிக்குச் சர்க்கார் செய்த உதவி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம் ஆவணி மாதத்தில் செங்காட்டுப்பாளையத்தில் நடந்த புரட்சியைப் பற்றிச் சர்க்கார் நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கு ஒரு ரகசிய அறிக்கை எழுதி வைத்தது. வெளியூர்ச் சூழ்ச்சிக்காரர்கள், துண்டுப் பிரசுரம், ஜப்பான்காரனின் தூண்டுதல் என்று அதில் காரணங்களை அடுக்கியிருந்தார்கள். அத்தனையும் புளுகு. அந்த ஊருக்கு வழக்கமாக வந்துபோன வெளியூர்க்காரர் வளையல்காரர் ஒருவர்தான். துண்டுப் பிரசுரம் வந்திருந்தாலும் படித்துச் சொல்ல ஊரில் இரண்டே பேர். அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புரட்சியை முழுக்க முழுக்கச் சர்க்காரே பாடுபட்டு உண்டாக்கியது. அந்தப் பெருமையைத் தூக்கி வேறு யாருக்கோ கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஊர்க்காரர்களின் ராஜ விசுவாசத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் பழைய ராஜாவுக்கு வெள்ளி விழா நடந்தபோது ஊரே திரண்டு போய் மிட்டாய் வாங்கித் தின்றது. ஆளுக்கு ஒன்றுதான் கொடுத்தார்கள் என்பதைத் தவிர ஏகாதிபத்தியத்தின் மேல் அவர்களுக்கு வேறு மனத்தாங்கல் இருந்ததில்லை.

அவர்களிலும் பரம சாது கந்தவேல். தறிக்குழியில் காலை விட்டால் பொழுது சாயும்போதுதான் எடுப்பார். மனைவி முத்தாயம்மாள் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார். அதுவும் பெரும்பாலும் "செரி" என்பதாக இருக்கும். அவருடைய ஒரே பெண் கமலவேணிக்குப் பள்ளிபாளையத்தில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணி இருபத்தைந்தாம் தேதி முகூர்த்தம் குறித்திருந்தார்கள்.

நெசவாளர் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பெண்ணின் கூறைச் சேலையைப் பெண் வீட்டுத் தறியிலேயே நெய்ய வேண்டும். அதற்கான பாவு தோய்க்கிற அன்று தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கை வைக்க வேண்டும். தெருவில் பதினாறு வீடு, ஆகவே பதினாறு பேர். ஒரு வீட்டுக் கை குறைந்தாலும் பெண் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார மாட்டாள். முந்தின வருஷம் வேலித் தகராறில் இரண்டு பேர் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டார்கள். மறுநாளே ஒரு பாவு தோய்ப்பு வந்தது. இருவரும் மண்டைக் கட்டோடு எதிரெதிரே நின்று ஒழுங்காகக் கை வைத்துவிட்டு, முடிந்த பிறகு சண்டையைத் தொடர்ந்தார்கள்.

நெசவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. அதை இருபது கஜ நீளத்துக்கு இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, இருபுறமும் ஆட்கள் நின்று தூரிகையால் ஒரே சீராக இழுத்து இழுத்து இழை பிரித்து உலர்த்த வேண்டும். இதற்கென்றே தெருமுனையில் பாவடி என்று ஒரு பொட்டல் விட்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். கை தாமதித்தால் கஞ்சி காய்ந்து நூலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளமாக விறைத்துவிடும். பிறகு அது எதற்கும் ஆகாது.

கந்தவேல் அரக்குச் சிவப்பில் நூல் தோய்த்துப் பாவு போட்டுத் தயாராக வைத்திருந்த சமயத்தில் பம்பாயில் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். எங்கேயோ தந்திக் கம்பி அறுந்தது. ஜில்லா முழுவதும் நூற்று நாற்பத்து நாலு தடையுத்தரவு வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ பொது இடத்தில் கூடக் கூடாது.

உத்தரவை ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பு அவுட்போஸ்ட் ஏட்டு சின்னண்ணனுடையது. அவர் தமுக்கடிக்கச் சொன்னார். தமுக்குச் சத்தம் கேட்டதும் வழக்கம்போல ஊர் கூடிவிட்டது. சின்னண்ணன் எண்ணிப் பார்த்தார். நாற்பது பேருக்குக் குறையவில்லை.

"கலைஞ்சு போங்க! கூட்டம் சேரக் கூடாதுன்னு சொல்லத்தான் தமுக்கு!" என்று கத்தினார்.

"என்னன்னு சொன்னாத்தானுங்க போறதுக்கு?"

"நீங்க போனாத்தான் சொல்ல முடியும்!"

எல்லோரும் வீட்டுக்குள் போனார்கள். சின்னண்ணன் வெறும் தெருவில் நின்று உத்தரவை முதலிலிருந்து கடைசி வரை உரக்க வாசித்தார். இரண்டு ஆடுகள் கேட்டுக்கொண்டிருந்தன. இரண்டுதான் என்பதால் அவற்றை அவர் ஒன்றும் செய்யவில்லை.

சின்னண்ணன் பதினெட்டு வருஷச் சர்வீஸில் ஒரு வெற்றிலைகூட வாங்கித் தின்னாத யோக்கியர். கொஞ்சம் அப்படி இப்படி இருக்கிறவராக இருந்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும், புரட்சியும் வந்திருக்காது. கந்தவேல் போய்ப் பாவு சமாசாரத்தைச் சொன்னதும் அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"பாவுன்னு இதுல எங்கயும் போடலீங்களே கந்தவேலண்ணா. பதினாறு பேருன்னா சட்டவிரோதமுங்க. தாசில்தார் எசமான்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துருங்க. நானே காவலுக்கு வாரேன்."

"செரி" என்றார் கந்தவேல். பதினோரு மைல் நடந்து தாலுகா கச்சேரிக்குப் போனார்.

தாசில்தார் தங்கசாமி ராவ் சாகிப் பட்டத்துக்காக ஆறு வருஷமாகக் காத்திருப்பவர். சமீபத்தில் பட்டம் கிடைத்த யாரோ ஒருவர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பேசுவார் என்று கேள்விப்பட்டு, இவரும் சாய்த்துப் பேசப் பழகியிருந்தார். அவர் ஓர் அச்சிட்ட பாரத்தை எடுத்தார். அது ஊர்வலம் போகிறவர்களுக்காக அச்சிட்டது. கச்சேரியில் வேறு பாரம் இல்லை.

"கூட்டத்தின் தலைவர் யார்?"

"பாவுக்கு ஏதுங்க தலைவரு? கஞ்சி காச்சறது என்ற சம்சாரமுங்க."

தாசில்தார் 'தலைவர்: முத்தாயம்மாள்' என்று எழுதினார்.

"எழுப்பப் போகும் கோஷங்கள்?"

கந்தவேல் யோசித்தார். "இழுத்துப் புடின்னு சொல்லுவமுங்க. நூலு அறுந்தா வேற என்னமாச்சும் வாயில வருமுங்க. அதை உங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்க."

'கோஷங்கள்: இழுத்துப் பிடி. மற்றவை ரகசியம்' என்று பதிவானது. தாசில்தார் பேனாவைக் கீழே வைத்துக் கழுத்தைச் சாய்த்தார்.

"இதோ பாரப்பா. சர்க்காருக்கு நெசவாளர்கள் மேல் அபாரமான பிரியம். எங்களுக்கு யார் மேலும் விரோதம் இல்லை, ஐந்தாவது ஆள் மேல்தான் விரோதம். நாலு பேராக இருக்கிற வரைக்கும் நீங்கள் மகாராஜாவின் அருமைப் பிரஜைகள். ஐந்தாவது ஆள் வந்து சேர்ந்ததும் ராஜத் துரோகம் ஆரம்பமாகிறது."

"அஞ்சாவது ஆளு ஆருங்க?"

"கடைசியில் வந்தவன்."

"பதினாறு பேரும் ஒண்ணா வந்தமுன்னாங்க?"

தாசில்தார் கழுத்தை நேராக்கிக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போய் ஏதோ புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து, நாலு பேரோடு பாவு தோய்த்துக்கொள்ள அனுமதி என்று உத்தரவு எழுதிக் கொடுத்தார்.

நாலு பேர் போதாது என்று முத்தாயம்மாள் படித்துப் படித்துச் சொன்னாள். "ஏனுங்க, நாலு கையில தோச்ச சீலையக் கட்டிக்கிட்டு அவ எப்படிங்க மணையேறுவா?" நாலு நாலு பேராக முறை வைத்து மாற்றிவிடலாம், பதினாறு கையும் பட்டுவிடும் என்று கந்தவேல் கணக்குப் போட்டார். நல்ல கணக்குத்தான். மறுநாள் காலை பாவைக் கட்டிக் கஞ்சி பூசி கந்தவேலும் இன்னும் மூன்று பேருமாக முதல் நாலு பேர் இழுக்க ஆரம்பித்தார்கள். சின்னண்ணன் காவலுக்கு வந்து பக்கத்தில் நின்றார். நின்றவர் வழக்கப்படி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தன்னையும் சேர்த்தால் ஐந்து.

அவருக்கு வியர்த்துவிட்டது. "நிறுத்துங்க! நிறுத்துங்க! நான் அஞ்சாவது ஆளாயிட்டேன்!"

"அப்பக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று வீட்டு வாசலிலிருந்தபடியே கத்தினாள் முத்தாயம்மாள்.

"எத்தனை அடி தள்ளி நின்னா கூட்டத்துல சேராதுன்னு ஆர்டர்ல போடலீங்களே அக்கா!"

அவர் ஐம்பது அடி தள்ளிப் போனார். அங்கிருந்து பார்த்தால் எண்ணிக்கை சரியாகத் தெரியவில்லை. வேப்ப மரத்தில் ஏறினார். ஏறியவருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. தன்னால் நடந்துவிட்ட குற்றத்தைப் பதிவு செய்யாமல் விடுவது கடமை தவறியதாகும் அல்லவா? மரத்திலிருந்தபடியே நோட்டை எடுத்து, தான் சட்டவிரோதமாகக் கூடியதாகவும், எச்சரித்ததும் தான் கலைந்து போய்விட்டதாகவும் எழுதினார். அவர் எழுதி முடிக்கிற வரை முறை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டதால், அந்த நாலு பேரே இருபது கஜத்துக்கும் இங்கும் அங்கும் ஓடினார்கள். இந்த முனையில் இழுத்தால் அந்த முனை காய்ந்தது. அந்த முனைக்கு ஓடினால் நடுவில் விறைத்தது. வெயில் வந்துவிட்டது.

கந்தவேல் பாவைத் தடவிப் பார்த்தார். ஓர் இழைகூடப் பிரியவில்லை. அவர் வீட்டுக்குப் போய்த் தறிக்குழியில் உட்கார்ந்தார். தறியில் ஒன்றும் இல்லை. கமலவேணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அப்பன் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டாள்.

யுத்த காலம். நூல் கிடைப்பது குதிரைக் கொம்பு. மறுநாள் தெருவில் பதினாறு வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு சிட்டம் நூல் கந்தவேல் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதையும் அவர் அரக்குச் சிவப்பில் தோய்த்துப் பாவு போட்டார். இதுவும் பாழானால் இனி நூல் இல்லை, சேலை இல்லை, முகூர்த்தம் இல்லை. நெய்வதற்கு ஒன்பது நாள் வேண்டும். ஆவணி பதினைந்தாம் தேதிக்குள் பாவு தோய்ந்தாக வேண்டும்.

இரண்டாவது மனு போயிற்று. பாவு தோய்ப்பது பொதுக்கூட்டமா, ஊர்வலமா என்று தாசில்தார் மேலே எழுதிக் கேட்டார். ஆட்கள் நடப்பதால் ஊர்வலம், நடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதால் பொதுக்கூட்டம், ஆகையால் இரண்டு லைசென்சும் வேண்டும் என்று பதில் வந்தது. அதோடு பதினாறு பேரும் 'நான் இயக்கத்தில் இல்லை' என்று கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

"எந்த இயக்கமுங்க?" என்று கேட்டார் கந்தவேல்.

தாசில்தார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இயக்கம் எதுவென்றே தெரியாதா?"

"தெரியாதுங்க."

"தெரியாத ஒன்றில் இல்லையென்று எப்படியப்பா கையெழுத்துப் போடுவாய்? நாளைக்கே அது பொய் வாக்குமூலம் ஆகிவிடாதா? உன் ஊரில் வேறு யாருக்காவது தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாதுங்க எசமான்."

இப்படியொரு நிலைமை இருக்கலாமா என்று தாசில்தார் வருத்தப்பட்டார். ஒரு கிராமம் முழுவதும் இயக்கத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருந்தால், அதை எதிர்க்க அவர்களால் எப்படி முடியும்? ஆவணி பத்தாம் தேதி அவரே மேஜை நாற்காலியோடு செங்காட்டுப்பாளையத்துக்கு வந்து இறங்கினார். வீட்டுக்கு எத்தனை பேரோ அத்தனை பேரும் வர வேண்டும், வராதவர்களுக்குத் தண்டனை என்று சின்னண்ணன் தமுக்கடித்தார். பாவடியில் இருநூறு பேர் உட்கார்ந்தார்கள்.

"மகா ஜனங்களே! இயக்கக்காரர்கள் என்னென்ன பொய் சொல்கிறார்கள் என்று உங்களுக்கு விளக்கமாக எடுத்துச் சொல்லும்படி சர்க்கார் எனக்கு உத்தரவிட்டிருக்கிறது. முதல் பொய். நம்மைக் கேட்காமல் நம்மை யுத்தத்தில் இழுத்துவிட்டார்களாம். கேட்டால் வேண்டாம் என்பீர்கள். அப்புறம் உங்கள் பேச்சை மீறி இழுத்தோம் என்ற கெட்ட பெயர் வரும். அந்தக் கெட்ட பெயர் வேண்டாம் என்றுதான் கேட்கவே இல்லை. இரண்டாவது பொய். பேசினால் பிடித்து அடைக்கிறார்களாம். பேசாதவனை யாராவது பிடித்ததுண்டா? மூன்றாவது, நெல்லையும் நூலையும் பட்டாளத்துக்கு அள்ளிக்கொண்டு போகிறார்களாம். பட்டாளம் எதற்காகச் சண்டை போடுகிறது? சுதந்திரத்துக்காக!"

"ஆரோட சுதந்திரமுங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அது ஐரோப்பாவில் இருக்கிறது" என்றார் தாசில்தார்.

கூட்டம் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. நூல் ஏன் கிடைக்கவில்லை என்று அவர்கள் இத்தனை நாள் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். முத்தாயம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "ஏம்புள்ள, அந்த இயக்கக்காரங்க நம்ம பாவு சேதியவே சொல்றாங்களாட்டிருக்குதே?" என்றாள். கந்தவேல் எழுந்து நின்றார். ஊர்ப் பொது இடத்தில் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க எசமான், பாவுக்குப் பதினாறு பேரு கூடினாத் தப்புங்க. இங்க இருநூறு பேரு குந்தியிருக்கறமுங்களே?"

"இது கூட்டம் அல்ல. இது உத்தரவு."

அடுத்துத் தடை செய்யப்பட்ட கோஷங்களின் பட்டியலை எடுத்தார். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நாளைக்கு யாரும் சாக்குச் சொல்லக் கூடாது. ஆகவே ஒவ்வொரு கோஷத்தையும் அவர் சொல்ல, ஊர் மூன்று தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். மொத்தம் பதினாலு கோஷங்கள். ஏழாவது, "வெள்ளையனே வெளியேறு". ஊர்க்காரர்கள் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்கள். "எனக்குக் கேட்கவில்லை! இப்படி முணுமுணுத்தால் எப்படி மனதில் பதியும்?" என்று தாசில்தார் அதட்டினார். நாலாவது தடவை சொன்னது அரை மைல் கேட்டது. தாசில்தாருக்குப் பரம திருப்தி.

லைசென்ஸ் பதினாலாம் தேதி மாலையில் வந்தது. பதினாறு பேருக்கும் அனுமதி, நிபந்தனைகள் மூன்று. தந்திக் கம்பி வெட்டுகிற காலமாகையால் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் எதையும் இழுத்துக் கட்டக் கூடாது. பதினாறு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்க வேண்டும். சுவரொட்டி ஒட்ட உதவும் என்பதால் கஞ்சியைச் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். சின்னண்ணன் முத்தாயம்மாளின் கஞ்சிப் பானையை முத்திரை வைத்து எடுத்துப் போனார். அதில் ஒரு சீசா சென்னைக்குப் போயிற்று. இரண்டு மாதம் கழித்து, 'மாதிரி உண்ணத்தக்கது, உப்புப் போதவில்லை' என்று முடிவு வந்ததாம். அதுவரை மிச்சக் கஞ்சி அவுட்போஸ்டில் சாட்சிப் பொருளாக இருந்து புளித்து நாறியதில் சின்னண்ணன் வெளியே வேப்ப மரத்தடியில்தான் டியூட்டி பார்த்தார்.

லைசென்சைப் படித்துக் கேட்டதும் கந்தவேல் அதை நாலாக மடித்து, ஆடுகிற தறிக்காலுக்கு அடியில் கொடுத்தார். தறி ஆட்டம் நின்றது.

"நாளைக்குத் தோய்க்கறம்" என்றார்.

"ஆர்டர்?" என்று கேட்டாள் முத்தாயம்மாள்.

"நம்ம பாவு. நம்ம பாவடி. நம்ம புள்ளை. இதுக்கு என்னத்துக்கு ஆர்டரு?"

முத்தாயம்மாள் கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, "செரிங்க" என்றாள்.

பதினைந்தாம் தேதி விடியலில் பதினாறு வீட்டிலிருந்தும் கஞ்சி வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் என்பது வழக்கம். அன்றைக்கு வீட்டோடு வந்துவிட்டார்கள். கம்பங்களுக்கு நடுவே சிவப்புப் பாவு இழுத்துக் கட்டி நின்றது. ஆண்கள் இருபத்தாறு பேர் தூரிகை பிடித்தார்கள், பெண்கள் கஞ்சி தெளித்தார்கள். அத்தனை பேர் ஒரே சீராக இழுக்க ஒரு தாளம் வேண்டும். வழக்கமான "இழுத்துப் புடி" இருபது கஜ நீளத்துக்கு எடுபடவில்லை. யாரோ ஒரு குறும்பன் சர்க்கார் பட்டியலிலிருந்து ஏழாவதை எடுத்து விட்டான். "வெள்ளையனே" என்று ஓர் இழுப்பு, "வெளியேறு" என்று ஓர் இழுப்பு. என்ன பொருத்தம்! இழைகள் வெண்ணெய்போலப் பிரிந்தன. எல்லோருக்கும் சிரிப்பு. சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். பத்து இழுப்புக்கு அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, கோஷம் நிற்கவில்லை.

சின்னண்ணன் தகவல் அனுப்பினார். அன்று பக்கத்துக் கிராமத்தில் முகாம் போட்டிருந்த சப் கலெக்டர் துரை ஒரு லாரிப் போலீசோடு வந்தார், தாசில்தாரும் வந்தார். துரை சீமையிலிருந்து வந்து ஒன்றரை வருஷம். தமிழ்ப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவர், அதனால் அவர் பேசுகிற தமிழ் ஒருவருக்கும் புரியாது.

"மாக்காள்! யாம் கடல் கடந்து ஈண்டுப் போந்தது எற்றுக்கு? பிரிந்து கிடந்த நும்மை ஒன்றாய்ச் சேர்த்தற்பொருட்டன்றோ! ஆகலின் நீவிர் உடனே பிரிந்து செல்வீராக!"

ஊர்க்காரர்கள் தாசில்தாரைப் பார்த்தார்கள். தாசில்தார் தமிழைத் தமிழில் மொழிபெயர்த்தார். "உங்களையெல்லாம் ஒன்று சேர்க்கத்தான் துரை வந்தாராம். அதனால் கலைந்து போகச் சொல்கிறார்."

"கையில கஞ்சி இருக்குதுங்க. பாவு காயட்டும், போறமுங்க" என்றார் கந்தவேல், இழுப்பை நிறுத்தாமல்.

துரைக்கு முகம் பாவைவிடச் சிவந்தது. "அறுமின்!" என்றார்.

"ஏட்டு! பாவை அறு!" என்று தாசில்தார் கத்தினார்.

யாரோ ஓர் அரிவாளைச் சின்னண்ணன் கையில் கொடுத்தார்கள். அவர் கம்பத்துக்குப் போனார். கோஷம் நின்றுவிட்டது. தூரிகைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கமலவேணி பாவின் மறுமுனையில் நின்று இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். சின்னண்ணன் அவளைப் பார்த்தார், சிவப்பு நூலைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து விறைப்பாகச் சல்யூட் அடித்தார்.

"எசமான், தடையுத்தரவு ஆளுங்களுக்குத்தானுங்க. நூலுக்கு இல்லீங்க. நூலை அறுக்கோணுமுன்னாத் தனி ஆர்டர் வேணுமுங்க."

"என்ன உளறுகிறாய்?"

"புஸ்தகத்துல அப்படித்தானுங்க இருக்குது. ஆர்டர் இல்லாம அறுத்தா, அதையும் நான் நோட்டுல எழுதோணுமுங்க. துரை பேரையும் எழுதோணுமுங்க."

அந்தச் சர்க்காரில் துரையும் தாசில்தாரும் பயப்படுகிற ஒரே விஷயம், தங்கள் பெயர் காகிதத்தில் ஏறுவது. துரை தலையசைத்தார். தாசில்தார் துரையின் காரின் மேல் காகிதத்தை வைத்து உத்தரவு எழுத ஆரம்பித்தார். பாவு என்பதற்கு இங்கிலீஷில் என்ன எழுதுவது என்று இருவரும் விவாதித்தார்கள். கந்தவேலின் தகப்பன் பெயர் வேண்டும், பாவின் நீளம் வேண்டும், எந்த இடத்தில் அறுப்பது என்பதற்கு எல்லை குறிக்க வேண்டும். பிரதிகள் மூன்று. ஆட்கள் இழுத்தார்கள், வெயில் ஏறியது. மூன்றாவது பிரதியில் துரை கையெழுத்துப் போடும்போது கந்தவேல் பாவைக் கடைசியாக ஒரு தடவை தடவிப் பார்த்தார். ஒவ்வோர் இழையும் தனித்தனியாக நின்றது.

"ஆச்சுங்க" என்றார். முத்தாயம்மாளும் இன்னும் மூன்று பெண்களுமாகச் சேர்ந்து, சட்டப்படி நாலே பேராக, பாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சின்னண்ணன் உத்தரவை வாங்கிப் படித்துவிட்டு, அதில் குறிப்பிட்ட இடத்தில் அறுக்க ஒன்றும் இல்லை என்று பின்பக்கம் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

ஆண்கள் இருபத்தாறு பேரையும் லாரியில் ஏற்றினார்கள். பெண்களை ஏற்ற வேறு லாரி வேண்டும், அதற்கு வேறு உத்தரவு வேண்டும் என்பதால் அவர்களை விட்டுவிட்டார்கள். லாரி கிளம்பும்போது கந்தவேல் தலையை நீட்டி, "அம்மிணி, நீயே நெய்யி! கரையில அவசரப்படாத!" என்று கத்தினார்.

கமலவேணி நெய்தாள். தறியில் ஓர் ஆள்தான் உட்கார முடியும். அதற்கு எதிராக அதுவரை சட்டம் எதுவும் வரவில்லை.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கந்தவேலைத் துரை முன்னால் நிறுத்தினார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டுத் துரை மனமிரங்கியிருந்தார். அந்தப் பழைய கையெழுத்தைப் போட்டால் போதும். இப்போதே வீட்டுக்குப் போகலாம். முத்தாயம்மாள் கச்சேரி வராந்தாவில் நின்றிருந்தாள்.

"போட்டுட்டு வந்துருங்க" என்றாள். "ஒரு கையெழுத்துத்தானுங்களே. அப்பன் இல்லாம அவ எப்படிங்க மணையில குந்துவா?"

கந்தவேல் காகிதத்தை வாங்கினார். 'நான் இயக்கத்தில் இல்லை.' மகளை மணக்கோலத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. இருபது வருஷமாக அவர் வேறு எதையும் ஆசைப்பட்டதில்லை.

"எசமான்" என்று தாசில்தாரைப் பார்த்துச் சொன்னார். "போன மாசம் கேட்டிருந்தீங்கன்னாக் கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருப்பேனுங்க. அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்கதான் மேசை போட்டுக் குந்த வெச்சுச் சொல்லிக் குடுத்தீங்க. இப்பத் தெரிஞ்சுபோச்சுங்களே. இப்பப் போட்டாப் பொய் வாக்குமூலம் ஆயிருமுங்க."

காகிதத்தை மேஜை மேல் வைத்தார். முத்தாயம்மாள் கணவனை முறைத்தாள். ஓவென்று அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துரையைப் பார்த்து, "நானும் போட மாட்டேனுங்க" என்றாள். அவளை யாரும் போடச் சொல்லவில்லை.

மற்ற இருபத்தைந்து பேரும் போடவில்லை. ஆளுக்கு ஆறு மாதம். ஐந்து பேர் ஓரிடத்தில் கூடினால் ராஜ்யம் கவிழ்ந்துவிடும் என்று பயந்த சர்க்கார், இருபத்தாறு பேரையும் பத்துப் பேர் அறையில் ஒன்றாகப் போட்டுப் பூட்டி, வெளியே காவலும் வைத்தது. அவர்களுக்குத் தறி வேலை இல்லை, பேசுவதற்கு நேரம் நிறைய இருந்தது. பக்கத்து அறையில் இயக்கத்தைப் பற்றித் தாசில்தாரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. மறுநாள் மத்தியானம் பெண்ணும் மாப்பிள்ளையும் சப் ஜெயிலுக்கு வந்தார்கள். ஒரு தடவைக்கு இரண்டு பேரைத்தான் பார்க்க விடுவார்கள், அவர்கள் இரண்டு பேர்தான். கமலவேணி அரக்குச் சிவப்புக் கூறைச் சேலையில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றாள். கந்தவேல் கம்பி வழியாகக் கையை விட்டு முந்தானையைப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, கரையைப் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு ஒரு கை, அதற்கு மேலும் கைகள், கம்பி வழியாக நீண்டு சேலையைத் தொட்டன.

"கரை நல்லா வந்திருக்குது" என்றார் கந்தவேல். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"நீங்க எப்பங்கப்பா ஊட்டுக்கு வாரீங்க?" என்று கேட்டாள் கமலவேணி.

"மொதல்ல வெள்ளைக்காரங்க அவங்க ஊட்டுக்குப் போகட்டும், சாமி. பொறவு நான் நம்மூட்டுக்கு வாரேன்."